நமக்கு அரைப் பேர், அவர்களுக்கு முழுப் பேர்



தேயிலை என்றதும் இந்த நாட்டில் யாருடைய பேர் முதலில் வாயில் வருகிறது? ஜேம்ஸ் டெய்லர். அடுத்தது தோமஸ் லிப்டன். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பொது அறிவுப் போட்டியிலும் இந்த இரண்டு பேரைத்தான் கேட்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பேர் கேட்டுப் பாருங்கள். கொழுந்து பறித்த ஒருத்தியின் பேர், கவ்வாத்து வெட்டிய ஒருவரின் பேர், கான் வெட்டிய ஒருவரின் பேர். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். நான் ஆசிரியர், கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த மலைக்கு நம் முன்னோர் வந்து இருநூறு வருஷம் ஆகிவிட்டது. 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து அதை நினைவுகூர்ந்தோம். ஆனால் இருநூறு வருஷத்தில் நம் தொழிலிலிருந்து நாடறிந்த ஒரு பேர்கூட எழவில்லை. இது தற்செயலா? இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒவ்வொரு காலமும் ஒரு தொழிலைத் தூக்கித் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. எந்தத் தொழிலை என்று முடிவு செய்வது யார், ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு ஆசனங்கள்

டெய்லர் 1852-இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தார். 1867-இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று எழுதியிருக்கிறது. 19 ஏக்கர் காட்டை வெட்டி, கல் பொறுக்கி, குழி தோண்டி, கன்று வைத்தது ஒரு மனிதனின் இரண்டு கையா? அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பங்களா வராந்தாவில் மேசை போட்டு இலையைக் கையால் உருட்டிப் பார்த்து, தேயிலை செய்யும் முறையைத் தேடியவர் அவர். அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால் குழி தோண்டியவர்கள்?

1892-இல் டெய்லர் இறந்தார். அவர் பாரமான ஆள். 24 பேர் இரண்டு அணியாக முறை மாற்றிச் சுமந்து, மலைப்பாதை வழியாகக் கண்டி மஹய்யாவ இடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள் என்று அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. சுமந்தவர்களின் எண்ணிக்கை நின்றது. பேர் நிற்கவில்லை.

லிப்டன் கிளாஸ்கோ நகரத்து மளிகைக் கடைக்காரர். 1890-இல் இங்கே வந்து, கோப்பி நோயில் விழுந்த தோட்டங்களை மலிவாக வாங்கினார். 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவின்போது லண்டன் ஏழைகளுக்கு விருந்து கொடுக்கப் பெரும் தொகை கொடுத்தார். அடுத்த வருஷமே ‘சேர்’ பட்டம் வந்தது. 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்காவோடு பாய்மரப் படகுப் போட்டிக்குப் போனார். ஐந்து முறையும் தோற்றார். தோற்றும் பேர் வாங்கினார்! லண்டன் ஏழைகளின் விருந்தும் படகின் பாயும் எந்த மலையின் கொழுந்திலிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு பேருக்கும் மலையில் இருக்கும் ஞாபகச் சின்னத்தைப் பாருங்கள். லூல்கந்துரயில் டெய்லர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த கல் ஆசனம். தம்பதென்னைக்கு மேலே லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடம். அங்கே இப்போது சிலையாகவும் உட்கார்ந்திருக்கிறார். தேயிலையின் கதையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஆசனம் இருக்கிறது. அந்தச் சிலையோடு படம் எடுக்கப் போகும் வண்டிகள், மலைச்சரிவில் நின்று கொழுந்து எடுக்கும் பெண்களைத் தாண்டித்தான் போகின்றன.

காலத்துக்கு ஒரு கதாநாயகன்

எந்தக் காலத்தில் எந்தத் தொழில் புகழப்படுகிறது என்பதை முதல் போடுகிறவனின் தேவை முடிவு செய்கிறது.

1869-இல் கோப்பிக்கு இலை நோய் வந்தது. அதன் பிறகு சில வருஷங்களில் கோப்பித் தோட்டங்கள் வரிசையாக நொடிந்தன. இலங்கை மண்ணில் மறுபடி பணம் போட இங்கிலாந்திலிருந்து ஆள் வேண்டும். ஆகவே காட்டை வென்ற தனி மனிதன், துணிச்சல்காரத் துரை, என்ற கதை வேண்டியிருந்தது. துரை கதாநாயகன் ஆனார்.

அடுத்து, விளைந்த தேயிலையை விற்க வேண்டும். விற்கத் தெரிந்த வியாபாரி கதாநாயகன் ஆனார். லிப்டன் விளம்பரத்தில் சூரர். 1881-இல் ஒரு பிரமாண்டமான பாற்கட்டியை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, அதற்குள் தங்கக் காசு வைத்து விற்றவர். அவர் காலத்து விளம்பரங்களிலேயே கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண் வந்துவிட்டாள். 1932-இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைக்கப்பட்டது. அதற்குப் பிறகு உலகமெங்கும் போன சுவரொட்டிகளிலும் பெட்டிகளிலும் அவள்தான். சிரித்த முகம், நெற்றியில் பொட்டு, முதுகில் கூடை.

அவளுடைய பேர் மட்டும் இல்லை. படம் கப்பலேறி எந்த நாட்டுக்கும் போனது. படத்தில் நின்றவளுக்கோ 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்த நாட்டிலேயே குடியுரிமை இல்லாமல் போனது. 1964-இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். அப்போதும் எண்ணிக்கைதான். இங்கே எஞ்சியவர்களின் கடைசிக் குடியுரிமைச் சட்டம் வரவே 2003 ஆகிவிட்டது.

இன்றைய காலத்தின் கதாநாயகர்கள் யார்? கிரிக்கெட் வீரர், சினிமா நடிகர், தொலைக்காட்சிப் பாடகர். நம் பிள்ளைகள் கொப்பியின் அட்டையில் ஒட்டும் முகங்கள் இவைதான். முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் 800-ஆவது விக்கெட்டை எடுத்தபோது நம் லயங்களில் எல்லாம் வெடி போட்டோம். போட வேண்டியதுதான். அவருடைய பாட்டனாரே தோட்ட வேலைக்கென்று இந்த நாட்டுக்கு வந்தவர். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பந்து வீசும்போது பேரனின் கை எத்தனை பாகை மடங்குகிறது என்று அவுஸ்திரேலியாவில் பல்கலைக்கழகக்காரர்கள் கமெரா வைத்து அளந்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து இன்றுவரை கொழுந்து எடுக்கும் கையை அப்படி அளந்து பார்த்து வியந்தவர் யார்? நம் கையில் அளக்கப்பட்டது கொழுந்தின் நிறை மட்டும்தான். அதிலும் சாக்குக்கு என்று ஒரு கழிவு, ஈரத்துக்கு என்று ஒரு கழிவு.

பேர் சோறு போடுமா?

“பேரையும் புகழையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது வாத்தியாரே, பேர் சோறு போடுமா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். போடும் என்பதுதான் என் பதில்.

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் இருக்கிறது. குறித்த கிலோ எடுத்தால் செக்ரோலில் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். உலகத்தில் வேறு எந்தத் தொழிலிலாவது ஒரு மனுஷியின் பேரைப் பாதியாக வெட்டுவார்களா? நமக்குப் பேர் என்பதே சம்பளம். அப்படியிருக்க, பேருக்கும் சோற்றுக்கும் சம்பந்தமில்லை என்று நாமே சொல்லலாமா?

ஒரு தொழிலைச் சமூகம் எப்படிப் பார்க்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அதற்கு விலை போடப்படுகிறது. கொழும்பில் தேயிலையை வாயில் வைத்துச் சுவை சொல்லும் உத்தியோகத்தரை நிபுணர் என்கிறார்கள். சரி, அது பல வருஷம் பழகி வரும் திறமைதான். அவர் சுவைக்கும் தேயிலையின் தரம் எங்கே தொடங்குகிறது? மலைச்சரிவில், இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று விரல் தேர்ந்தெடுக்கும் இடத்தில். முற்றிய இலை சேர்ந்தால் எந்த நிபுணராலும் அதைத் திருத்த முடியாது. வளர வேண்டிய கொழுந்து எது, வளர்ச்சி நின்ற மொட்டு எது என்று கண் பார்த்து மூளைக்குச் சொல்வதற்கு முன்பே கை அறிந்துவிடுகிறது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. மழை, அட்டை, வழுக்குப் பாறை, முதுகில் ஏறிக்கொண்டே போகும் பாரம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள்.

கவ்வாத்துக்காரரைப் பாருங்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை ஒரு செடிக்கு அவர் போடும் வெட்டுத்தான் அடுத்த சில வருஷத்து விளைச்சலைத் தீர்மானிக்கிறது. வெட்டு பிசகினால் செடி பட்டுப்போகும். இதுவும் ‘திறனற்ற தொழில்’ என்ற பெட்டிக்குள்தான் போடப்படுகிறது.

இந்த ஒரு சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. 2015-இல் 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டோம். அது வர்த்தமானியில் வர 2021 ஆனது. ஆறு வருஷம்! அதற்குள் அரிசியின் விலை எங்கேயோ போய்விட்டது. 2024-இல் 1700 என்று அறிவித்தார்கள். வழக்கு, தடை எல்லாம் தாண்டி செப்டெம்பரில் வந்தது 1350-உம், மேலதிகக் கிலோவைப் பொறுத்த கொடுப்பனவும். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கத்து வாதம் ஒன்றே: சாதாரண வேலை, யாரும் செய்யலாம், கிலோ கூட்டினால் காசு கூட்டலாம். யாரும் செய்யலாம் என்றால் ஒரு நாள் அந்த மலைக்கு வந்து முழுப் பேர் வாங்கிக் காட்டட்டும்.

இன்னொரு உதாரணம். ஓய்வு பெறப் போகும் அம்மாமார்களைக் கேளுங்கள். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பேர். ராமாயி, இராமாய், ரமை. எழுதியவர்களுக்கு அது யாரோ ஒரு தோட்டத்துப் பெண்ணின் பேர், எப்படி எழுதினால் என்ன என்ற எண்ணம். முப்பது வருஷம் உழைத்த சேமலாப நிதி, ஓர் எழுத்துப் பிழைக்காக மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. துரையின் பேரை யாராவது இப்படிப் பிழையாக எழுதியதுண்டா? பேர் சோறு போடுமா என்று கேட்டீர்களே. பேரை மதிக்காத இடத்தில் சோறும் தாமதமாகத்தான் வருகிறது.

மாலை போட்டு அளவைக் கூட்டுவார்கள்

அப்படியானால் தொழிலாளியைக் கொண்டாடினால் போதுமா? போதாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது.

1935-இல் சோவியத் நாட்டில் ஸ்டகானோவ் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே முறை வேலையில் 102 தொன் நிலக்கரி வெட்டினார். விதித்த அளவைப் போல் 14 மடங்கு. நாடே அவரைக் கொண்டாடியது. பத்திரிகைகளில் அவர் படம், அமெரிக்க சஞ்சிகையின் அட்டையிலும் அவர். தொழிலாளி ஒருவர் தன் காலத்தின் கதாநாயகன் ஆனார். அடுத்து நடந்தது என்ன? 1936-இல் எல்லாத் தொழிலாளருக்கும் வேலை அளவைக் கூட்டினார்கள். அவர் வெட்ட வெட்டப் பின்னால் மரம் நிறுத்திக் கூரையைத் தாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சுவரொட்டி கிடைக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? நம் மலையிலும் இப்போது ‘சிறந்த கொழுந்து பறிப்பவர்’ போட்டிகள் நடக்கின்றன. பரிசு வாங்கும் சகோதரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கைத்திறமைக்கு அது கிடைக்க வேண்டும். ஆனால் மேடையில் ஒருத்திக்கு மாலை போட்டுவிட்டு, அடுத்த நாள் பெரட்டில் “அவள் எடுக்கிறாள்தானே, உனக்கென்ன” என்று மற்றவர்களிடம் கேட்டால், அது கொண்டாட்டம் அல்ல, அளவுகோல். அந்த மாலையின் மறுமுனை நம் எல்லோர் கழுத்திலும் விழும்.

‘நாட்டின் முதுகெலும்பு’ என்ற பேச்சும் இந்த வகைதான். மே தின மேடையில் ஒவ்வோர் அரசியல்வாதியும் சொல்கிறார். முதுகெலும்பு வளைந்தால்தான் இவர்கள் நிமிர்ந்து உட்காரலாம்! நமக்கு வேண்டியது பட்டம் அல்ல. தொழிலின் திறமையை ஒப்புக்கொண்டு அதற்கு விலை போடுவதுதான்.

நம் வீட்டிலும் இதே கதை

துரைமாரையும் கம்பனிகளையும் மட்டும் சொல்லி முடிக்க முடியாது. தொழிற்சங்கங்களும் இதே வழியில்தான் நடக்கின்றன. மே தினச் சுவரொட்டியைப் பாருங்கள். எந்தச் சங்கம் என்று பார்க்க வேண்டாம், எல்லாம் ஒன்றுதான். தலைவரின் முகம் ஆளுயரம். கீழே ஓரத்தில் பெருவிரல் அளவில் கூடையோடு ஒரு பெண், பேரில்லாமல். 1932 விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தொழிலாளியின் பேர் நம் வரலாற்றில் எப்போது நின்றது? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்தார் கோவிந்தன். 1977 மே மாதம் தோட்டக் காணிகளைக் காக்கும் போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சுடப்பட்டு இறந்தார் சிவனு லெட்சுமணன். இவர்கள் பேர் நமக்குத் தெரியும், தெரிய வேண்டும். முல்லோயாவும் ஹேவாஹெட்டப் பக்கம்தான். டெய்லரைத் தேடி அந்தப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேர் கோவிந்தனைத் தேடுகிறார்கள்? அது ஒரு கேள்வி. நமக்கு நாமே கேட்க வேண்டியது வேறு: குண்டு பட்டால்தான் ஒரு தொழிலாளிக்குப் பேர் கிடைக்குமா? முப்பது வருஷம் உயிரோடு உழைத்தவளுக்குக் கிடையாதா?

பேர் சேர்க்கும் வேலையை நமக்கு முன்பே தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார். மீனாட்சி அம்மாள் பாட்டெழுதி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியர், தொழிற்சங்கவாதி, 1947-இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அவர்தான் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி வைத்தார். பாட்டு நமக்குக் கிடைத்தது. கட்டிய பெண்களின் பேர் அதற்கு முன்பே தொலைந்துவிட்டது. இனிமேல் தொலைய விடக்கூடாது.

இன்னொரு கேள்வியும் வரும். “பிள்ளைகள் படித்துத் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று சொல்கிறவரே நீங்கள். அப்புறம் கொழுந்துத் தொழிலைப் புகழ்வது ஏன்?” என் பிள்ளைகள் வைத்தியராக வேண்டும், பொறியியலாளராக வேண்டும். கூடை அவர்கள் தலையில் எழுதப்பட்ட எழுத்து அல்ல. ஆனால் பாடசாலைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘கொழுந்து பறித்தல்’ என்று எழுதக் கூசி, ‘வீட்டில்’ என்று எழுதும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். கொழும்பில் கடையில் நிற்கும் நம் பையன்கள் ஊர் கேட்டால் நுவரெலியா, ஹட்டன் என்று பட்டினத்தின் பேரைச் சொல்லித் தோட்டத்தின் பேரை மறைக்கிறார்கள். தாயின் தொழிலுக்கு வெட்கப்பட்டு வெளியேறும் பிள்ளை, போன இடத்திலும் தலை குனிந்துதான் நிற்கும், கொடுத்த சம்பளத்தை வாங்கிக்கொள்ளும். தாயின் திறமையை அறிந்து வெளியேறும் பிள்ளை, எங்கே போனாலும் தன் உழைப்புக்கு விலை கேட்கும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது

யாராவது சிலை வைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். தோட்டக் கமிட்டிகளுக்கு நான் முன்வைப்பது இவை:

1. அடுத்த மே தினத்துக்கு முன் ஒவ்வொரு டிவிஷனிலும் ஓய்வு பெற்ற கொழுந்துக்காரர், கவ்வாத்துக்காரர், தொழிற்சாலைத் தொழிலாளர் அனைவரின் பேர்ப் பட்டியல். முதியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி எழுதி, வாசிகசாலைச் சுவரில் தொங்க வேண்டும்.

2. ஆசிரியர்களே, எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பாட்டியிடமோ தாத்தாவிடமோ உட்கார்ந்து கேட்டு ஒரு பக்கம் எழுதட்டும். பேர், தோட்டம், செய்த வேலை, அந்த வேலையின் நுணுக்கம். தமிழ்ப் பாடக் கட்டுரைக்கு இதைவிட நல்ல தலைப்பு இல்லை.

3. சங்கத்தின் சுவரொட்டியிலும் இந்தச் செய்தித்தாளிலும் இனி பேரில்லாத தொழிலாளியின் படம் வரக்கூடாது. அவர் சம்மதத்தோடு, அவர் பேரோடு மட்டும். இதழுக்கு ஒரு தொழிலாளிக்கு அரைப் பக்கம்.

4. சம்பளப் பேச்சுவார்த்தையில் நம் கோரிக்கைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் தொழிலின் திறமைகள் எழுதப்பட வேண்டும். ‘திறனற்ற’ என்ற சொல் வரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து இல்லை. மேசையில் நம் பக்கம் ஒரு கொழுந்துக்காரப் பெண்ணும் உட்கார வேண்டும், பேச வேண்டும்.

5. சேமலாப நிதிப் பதிவிலும் அடையாள அட்டையிலும் பேர் ஒன்றாக இருக்கிறதா என்று ஓய்வு பெறும் நாள்வரை காத்திருக்காமல் இப்போதே பாருங்கள். எழுத்து வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் காரியாலயத்தில் உட்கார்ந்து இந்த வேலைக்கு உதவ வேண்டும்.

துரையின் காலம் துரையைக் கொண்டாடியது. வியாபாரியின் காலம் வியாபாரியைக் கொண்டாடியது. தொழிலாளியின் பேரை எழுத அவர்கள் யாரும் வரப்போவதில்லை. பேனா நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. செக்ரோலை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நம் பேரை நாம் எழுதுவோம்.

அரைப் பேர் போதும் என்று இனி எவரும் சொல்ல விடமாட்டோம். உழைத்தவர்களுக்கு முழுப் பேர்! முழுச் சம்பளம்!